தடங்கலுக்கு வருந்துகிறோம்

எங்கள் வீட்டில் ஒரு குச்சி இருக்கிறது. நீளம் ஒரு விரல் இருக்கும். டி.வி.யின் முதுகில் செருகிவிட்டால் உலகத்தில் எடுத்த சினிமா அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய் சொல்லக் கூடாது, கொட்டத்தான் செய்தது. ஆனால் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகக் கொட்டியது.

கதாநாயகன் கத்தியை ஓங்குவான். கை அப்படியே நிற்கும். நடுவில் ஒரு வட்டம் தோன்றி சுற்ற ஆரம்பிக்கும். கோயில் பிராகாரத்தைச் சுற்றினாலாவது கொஞ்சம் புண்ணியம் சேரும். இந்த வட்டம் சுற்றுவதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைசியில் 'நெட்வொர்க் இணைப்பு இல்லை' என்று ஓர் அறிவிப்பு வரும். நம் தூர்தர்ஷனாவது 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று மரியாதையாக அட்டை போடும். இதற்கு அந்த வருத்தம்கூடக் கிடையாது.

இந்தக் குச்சியை நான் வாங்கியது எனக்காக இல்லை, அப்பாவுக்காக. அம்மா போன பிறகு நாகப்பட்டினத்து வீட்டைப் பூட்டிவிட்டு சென்னைக்கு, எங்களோடு வந்து இருக்கிறார். வயது 72. டெலிபோன்ஸில் லைன்மேன். அந்தக் காலத்து 'பி அண்ட் டி'யில் சேர்ந்து, பி.எஸ்.என்.எல்.லில் ரிடையர் ஆனவர். 38 வருஷ சர்வீஸ். 1977 நவம்பர் புயலில் நாகப்பட்டினத்தில் சாய்ந்த கம்பங்களைத் திரும்ப நட்டவர்களில் ஒருவர்.

நான் வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவன். (அதில் ஒன்றுதான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.) என் மேஜை இருப்பது ஹாலில். எனவே அந்த இரண்டு நாளும் ஹால் டி.வி.க்குக் கட்டாய விடுமுறை. சீரியல் பார்க்க முடியாத என் மனைவி போனில் பார்த்துக்கொள்வாள். மகள் தூங்கிவிடுவாள். அப்பாவுக்குத்தான் பொழுது போகாது. அவர் அறையில் ஒரு சின்ன டி.வி. வைத்து, அதில் இந்தக் குச்சியைச் செருகிக் கொடுத்தேன்.

"என்ன படம்பா பாக்கணும், சொல்லுங்க" என்றேன்.

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அந்த நாள்" என்றார்.

1954-ல் வந்த ஏவி.எம். படம். எஸ்.பாலசந்தர் டைரக்‌ஷன். பாட்டே கிடையாது. சிவாஜி அதில் ரேடியோ இன்ஜினீயர். படம் ஆரம்பிக்கும்போதே அவரைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். சுட்டது யார் என்பதுதான் கதை. அப்பா சர்வீஸில் சேர்ந்த புதிதில், ஒரு மழைநாளில் டென்ட் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் ஆள் வந்து, "ஆஸ்பத்திரி லைன் டெட், உடனே வரச் சொன்னாங்க" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அத்தோடு சரி. கொலைகாரன் யார் என்று அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷமாகத் தெரியாது.

"யாரையாவது கேட்டிருக்கலாமேப்பா?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கிறதா படம்?" என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போட்டேன். 9.34-க்கு வட்டம் வந்தது. பத்து மணிவரை பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். விட்ட இடத்திலிருந்து பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எனவே வியாழக்கிழமை முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி 9.30-க்கு மேல் வட்டம். அடுத்த திங்களும் அப்படியே. சிவாஜி மூன்று தடவை செத்தார். கொன்றவர் மட்டும் அகப்படவில்லை.

*

நானும் சும்மா இருக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று 22 நிமிஷம் சொன்னார்கள். அவ்வளவு முக்கியமான அழைப்பைக் கடைசியில் எடுத்த பெண், "ரௌட்டரை ஆஃப் பண்ணி, முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்" என்றார். பண்ணினேன். சரியாயிற்று. அடுத்த நாள் காலையில் மறுபடி போயிற்று.

பிறகு டெக்னீஷியன் ஒருவர் வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வாசலில் செருப்பு ஸ்டாண்டு மேல் உட்கார்ந்திருந்த ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் போனில் வேகம் அளந்து காட்டினார். "நூறுக்குத் தொண்ணூத்தாறு வருது சார். எங்க சைடு பக்கா. ரூம்ல யாராவது செட்டிங்ஸ்ல எதையாவது அமுக்கியிருப்பாங்க. பெரியவங்க இருக்காங்களா வீட்ல?"

அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "அப்பா, எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ரிமோட்ல கண்ட பட்டனையும் அமுக்காதீங்கன்னு. எதையாவது அமுக்கினீங்களா?" என்று கேட்டேன். சின்னப் பிள்ளையைக் கேட்கிற தொனியில். அந்தப் பையன் சிரித்தான். அடுத்ததுதான் மோசம்: நானும் சிரித்தேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "எனக்கு எதுக்குப்பா டி.வி.? கண்ணுக்கும் நல்லதில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தொல்லை விட்டது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

*

பத்து நாள் கழித்து என் மனைவி ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "மாமா ரூம் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில கிடைச்சது. முதல்ல இதைப் படிங்க."

அப்பாவின் கையெழுத்து. பென்சிலால் கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதியிருந்தார். அதிலிருந்து சில வரிகள்:

7-ம் தேதி, செவ்வாய். கா. 7.12 விட்டது. 7.15 வந்தது. என் போனும் திணறல்.

7-ம் தேதி, செவ்வாய். இ. 8.21 விட்டது. 8.23 வந்தது. என் போனும் திணறல்.

7-ம் தேதி, செவ்வாய். இ. 9.30 முதல் 10.30 வரை சோதனை. விடவில்லை.

9-ம் தேதி, வியாழன். இ. 9.36 விட்டது. 11.08 வந்தது. என் போன் சரியாக வேலை செய்தது.

இப்படிப் பத்து நாள், ஒரு நாள் விடாமல். ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்ட மனிதர் என்ன செய்திருக்கிறார் என்றால், நான் பார்க்காதபோது அதை எடுத்துக்கொண்டு போய், சத்தத்தை அணைத்துவிட்டு, டி.வி.க்கு எதிரே கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பத்து மணி அடித்தால் தூங்கிவிடுகிற மனிதர், 11.08 வரை விழித்திருந்திருக்கிறார்.

அவர் அறைக்குப் போனேன். டைரியைக் கையில் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"ஃபால்ட் டாக்கெட் மாதிரி எழுதிவெச்சேன். பழக்கம் விடலை" என்றார். பிறகு அவரே சொன்னார்:

"அந்தக் காலத்துல 198-க்குப் போன் பண்ணி 'போன் டெட்'னு சொல்வாங்க. உடனே ஏணியைத் தூக்கிட்டு ஓடக் கூடாது. மூணு கேள்வி கேக்கணும். எப்பவும் டெட்டா, இல்லே விட்டு விட்டு வருதா? எந்த நேரத்துல போகுது? பக்கத்து வீட்டுப் போன் வேலை செய்யுதா? பக்கத்து வீடும் டெட்டுன்னா கோளாறு பில்லர்லயோ கேபிள்லயோ இருக்கு. இந்த வீடு மட்டும்னா டிராப் ஒயர்லயோ, கருவியிலயோ இருக்கு. மழை பெஞ்சா மட்டும் கரகரன்னா ஜாயின்ட்ல தண்ணி. பாதி ஃபால்டை ஆபீஸ்ல உக்காந்தே புடிச்சிடலாம்."

"இதுல என்னப்பா புடிச்சீங்க?"

"இது ஒரு ஃபால்ட் இல்லடா. ரெண்டு. ரெண்டும் ஒரே மாதிரி வட்டம் காட்டுது. அதான் உனக்கும் புரியலை, வந்தவனுக்கும் புரியலை. ஒண்ணு குட்டி ஃபால்ட். ரெண்டு மூணு நிமிஷம்தான். அப்ப என் போனும் திணறுது. அதனால அது காத்துல வர்ற கோளாறு. இன்னொண்ணு பெரிய ஃபால்ட். ஒன்றரை மணி நேரம். அப்ப என் போன் ஜோரா ஓடுது. அதனால லைன் சரி, ரௌட்டர் சரி, காத்தும் சரி. குச்சிக்கு மட்டும் ஏதோ ஆகுது."

நான் பி.காம். காலேஜில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் உண்டு. பாங்கு பாஸ் புத்தகத்தையும் நம் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே உதைக்கிறது என்று பார்ப்பது. படித்து முடித்து இத்தனை வருஷத்தில் அது பயன்பட்டது அன்றைக்குத்தான். அப்பாவின் டைரியை ஒரு பக்கம் வைத்து, இன்னொரு பக்கம் வீட்டின் தினசரி அட்டவணையை எழுதினோம்.

காலை 7.12. அது யார் செய்கிற வேலை? மகளுக்குப் பால் சூடு பண்ணுகிற நேரம். ராத்திரி 8.21? மத்தியானத்து சாம்பார் சூடாகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் 7.12-க்கு ஒன்றும் இல்லை, 9.05-க்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்திருப்பதே எட்டரைக்குத்தான்.

"மைக்ரோவேவ்!" என்று கத்தினேன்.

"நான் என்ன பண்ணினேன்?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

*

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வை-ஃபை பேசுகிற பாதைகளில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டு பேரும் ஒரே தெருக்காரர்கள். அடுப்புக்குள் ஓடுவது எண்ணூறு வாட் அளவில். அதை இரும்புப் பெட்டியும் கதவிலுள்ள வலையும் அடைத்து வைத்திருக்கின்றன. உடம்புக்கு ஆபத்தில்லாத அளவு, துளியூண்டு வெளியே கசியும். ஆனால் ரௌட்டர் பேசுவதே ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். கல்யாண வீட்டில் நாயனக்காரர் பக்கத்தில் நின்று ரகசியம் பேசினால் எவ்வளவு காதில் விழும்? அவ்வளவுதான் குச்சிக்கும் விழுந்தது. எங்கள் வீட்டில் ரௌட்டர் வாசலில், அப்பா அறை கடைசியில். இரண்டுக்கும் நடுவில் சரியாக அடுக்களை. அடுக்களைச் சுவரில் மைக்ரோவேவ்.

இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் குறுக்களவுள்ள ரேடியோ டெலஸ்கோப் ஒன்று இருக்கிறது. அதில் 1998-லிருந்து அவ்வப்போது விசித்திரமான சிக்னல்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. 'பெரிடான்' என்று ஒரு கற்பனை மிருகத்தின் பெயரைக்கூட அவற்றுக்கு வைத்துவிட்டார்கள் விஞ்ஞானிகள். 2015-ல்தான் கண்டுபிடித்தார்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் சாப்பாட்டைச் சூடு பண்ணும்போது, 'டிங்' என்று மணி அடிக்கும்வரை பொறுக்காமல் மைக்ரோவேவ் கதவைத் திறந்தபோது வந்த சிக்னல் அது! விண்வெளியை ஆராய்கிறவர்களுக்கே பதினேழு வருஷம் ஆயிற்று. எங்கள் அப்பா பத்து நாளில் பிடித்தார்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்துவிட்டு நான் அடுக்களையில் நின்றேன். அப்பா டி.வி. முன்னால்.

"இப்ப?" என்று கத்தினேன்.

"போச்சு!"

அணைத்தேன். "இப்ப?"

"வந்துடுச்சு!"

எனக்குச் சட்டென்று நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. நான் ஆறு, ஏழு வயதுப் பையன். மொட்டை மாடியில் பெரிய பைப்பில் ஏரியல். அப்பா மேலே நின்று திருப்புவார். நான் கீழே டி.வி. முன்னால் நின்று, "போச்சு... வந்துடுச்சு... ஐயோ, திரும்பப் போச்சுப்பா!" என்று கத்த வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் சில நாள் தூர்தர்ஷனைவிட இலங்கை ரூபவாஹினி தெளிவாகத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்தில் காற்றடித்து ஏரியல் திரும்பிவிட்டால், வேலையிலிருந்து வந்த காக்கிச் சட்டையோடு மாடி ஏறுவார். அப்போது ஒரு நாளாவது, "நீ எதையாவது அமுக்கினியா?" என்று அவர் என்னைக் கேட்டதாக ஞாபகம் இல்லை. இத்தனைக்கும் நான் எல்லாவற்றையும் அமுக்குகிற பையன்.

*

சரி, குட்டி ஃபால்டுக்கு வைத்தியம். வை-ஃபைக்கு இன்னொரு பாதை உண்டு, 5 கிகாஹெர்ட்ஸ். அங்கே மைக்ரோவேவ் தொந்தரவு இல்லை. ஆனால் அது கொஞ்சம் சுகவாசி. சுவரைத் தாண்டி வர அலுத்துக்கொள்ளும். இரண்டு சுவர், நடுவில் அப்பாவின் ஸ்டீல் பீரோ. எப்படி வரும்? எனவே ரௌட்டரை வாசலிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டி வாசலிலேயே இருந்தது. அதிலிருந்து ஹால் அலமாரியின் மேல்தட்டு வரை பத்து மீட்டர் லேன் கேபிள் இழுக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிடலாம் என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்டூலை நான் பிடித்துக்கொள்ள, அவரே ஏறி கிளிப் அடித்தார். ஒவ்வொரு கிளிப்புக்கும் நடுவில் சரியாக ஒரு சாண். மூலையில் கேபிளை மடிக்காமல் வளைத்து விட்டார். "மடிச்சா உள்ள ஒயர் நோகும்" என்றார். டி.வி.யின் முதுகோடு ஒட்டிக்கிடந்த குச்சியையும், பெட்டியோடு வந்து நாங்கள் பிரிக்காமலே வைத்திருந்த சின்ன இணைப்பு ஒயரைப் போட்டு வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிட்டார். டி.வி.யே குச்சிக்கு வருகிற சிக்னலை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்னொன்றும் கவனித்தார். குச்சிக்கு மின்சாரத்தை டி.வி.யின் யு.எஸ்.பி. ஓட்டையிலிருந்தே எடுத்திருந்தேன். அடாப்டருக்கு பிளக் பாயின்ட் இல்லை என்ற சோம்பேறித்தனம். பல டி.வி.க்களில் அந்த ஓட்டை அரை ஆம்பியர்தான் கொடுக்கும். பாதி வயிற்றுச் சாப்பாடு. "பசியோட எவ்வளவு நேரம் ஓடும்?" என்று சொல்லி அடாப்டரை மாட்டினார்.

குச்சியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். மைக்ரோவேவை ஐந்து நிமிஷம் ஓடவிட்டோம். வட்டம் வரவில்லை.

இனி பெரிய ஃபால்ட். அது திங்கள், வியாழன் மட்டும். ராத்திரி 9.30-லிருந்து 11 வரை. டைரியைப் புரட்டிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு கிழமைகளையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதற்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'பையன் எழுதும் நாள். பிரின்டர் சத்தம் கேட்டதும் விடுகிறது. அவன் விளக்கை அணைத்ததும் வருகிறது.'

கம்ப்யூட்டரில் அடித்தாலும், ஒரு தடவை பேப்பரில் அச்சடித்து, பேனாவால் திருத்தினால்தான் எனக்குத் திருப்தி. முதல் வரைவு முடிந்து பிரின்டரைப் போடுவது ஒன்பதரை வாக்கில். அணைப்பது தூங்கப் போகும்போது.

போய் பிரின்டரைப் போட்டேன். 'கடமுட' என்று அது விழித்துக்கொண்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து அப்பாவின் குரல், மெதுவாக, "போச்சு" என்றது.

நடந்தது இதுதான். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஒரு கதவிலக்கம் கொடுக்கிறது. லாட்ஜ் மானேஜர் சாவி கொடுப்பதுபோல, வருகிறவர்களுக்குக் காலியாக இருக்கிற நம்பரைக் கொடுக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பிரின்டர் அடிக்கடி காணாமல் போகிறது என்று நான் அதற்கு 192.168.1.5 என்ற நம்பரைக் கையால் எழுதி ஆணியடித்து வைத்தேன். அதை ரௌட்டரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தெரியாது. பிரின்டர் பெரும்பாலும் தூங்குவதால் 5-ம் நம்பர் காலி என்று நினைத்து, ரௌட்டர் அதைக் குச்சிக்குக் கொடுத்துவிட்டது. பிரின்டர் விழித்ததும் ஒரே நம்பரில் இரண்டு பேர். சென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். எங்கள் தெருவில் பழைய எண் 14 ஒரு வீடு, புதிய எண் 14 வேறு வீடு. கூரியர்காரர் படுகிற பாடு ஊருக்கே தெரியும். அப்பாவுக்கு வரவேண்டிய சினிமா என் பிரின்டர் வாசலில் போய் நின்றுகொண்டிருந்திருக்கிறது. பிரின்டருக்கு சினிமா தெரியுமா? தூக்கிப் போட்டுவிட்டது.

ஆக, செட்டிங்ஸில் எதையோ அமுக்கியது யார் என்பது தெரிந்துவிட்டது. அமுக்கியவர் பெரியவர் இல்லை.

பிரின்டர் செட்டிங்கைத் 'தானாக எடுத்துக்கொள்' என்று மாற்றினேன். ரௌட்டர் பக்கத்தில் 'இந்த நம்பர் பிரின்டருக்கு மட்டும்' என்று ஒதுக்கியும் வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

"ஏம்ப்பா, இது தெரிஞ்சும் ஏன் சொல்லலை? போன வாரமே கண்டுபிடிச்சிருக்கீங்களே?"

அப்பா கேபிள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நீ வாரத்துல ரெண்டு நாள்தான் எழுதறே. அதுல போய் பிரின்டரை அணைன்னு எப்படிடா சொல்றது? அது உன் வேலை. எனக்கு இது பொழுதுபோக்குதானே."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு மட்டும் சொல்றேன். 38 வருஷத்துல எந்த சந்தாதாரர் வீட்லயும் போய், 'நீங்கதான் எதையோ பண்ணியிருப்பீங்க'ன்னு நான் சொன்னதில்லை. சோதிச்சுப் பாக்காம சொல்லக் கூடாதுடா" என்றார். கோபமாக இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்குச் சொல்வதுபோல.

"செவ்வாய்க்கிழமை சோதனை பண்ணினப்ப பெரிய ஃபால்ட் இல்லையே. அன்னிக்கே படத்தை முடிச்சிருக்கலாமே?"

"டியூட்டியில இருக்கும்போது சினிமா பாக்கறதா?" என்றார் அப்பா.

*

உங்கள் வீட்டுக் குச்சியும் இப்படி வம்பு செய்தால், அடியேன் செலவில் கற்றுக்கொண்டதை இனாமாக எடுத்துக்கொள்ளலாம்:

1. முதலில் எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம், விட்ட நேரம், வந்த நேரம் எழுதுங்கள்.

2. டி.வி.யில் போகும்போது, அதே அறையில் அதே வை-ஃபையில் போன் வேலை செய்கிறதா பாருங்கள். போனும் போனால் ரௌட்டரையோ, லைனையோ, சுவரையோ சந்தேகப்படுங்கள். டி.வி. மட்டும் போனால் குச்சியை.

3. வேகம் அளப்பதை ரௌட்டர் பக்கத்தில் அளந்து பிரயோஜனமில்லை. டி.வி. இருக்கிற இடத்தில் அளக்க வேண்டும்.

4. குச்சிக்கு அதன் சொந்த அடாப்டர். டி.வி.க்குப் பின்னால் புதைக்காமல் வெளியே தொங்கவிடுங்கள்.

5. ரௌட்டரை உயரத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள். செருப்பு ஸ்டாண்டும் பீரோ மறைவும் அதற்கு ஆகாது. சுவர் குறைவென்றால் 5 கிகாஹெர்ட்ஸ். சுவர் அதிகம், 2.4 தான் எட்டும் என்றால் ரௌட்டரில் சேனலை 1, 6, 11-ல் ஒன்றாக வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காதவை. பக்கத்து ஃபிளாட்காரர் எதில் இருக்கிறாரோ அதை விட்டுவிட்டு இன்னொன்று.

6. எந்தக் கருவிக்காவது நீங்களே நம்பர் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

7. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், 'எதையாவது அமுக்கினீங்களா' என்ற கேள்வியைக் கடைசிவரை கேட்காதீர்கள்.

*

அந்த வியாழக்கிழமை அப்பா எட்டு மணிக்குப் படத்தைப் போட்டார். எட்டே காலுக்கு சாம்பார் சூடாயிற்று. வட்டம் வரவில்லை. ஒன்பதரைக்கு நான் பிரின்டரைப் போட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் 'ஆங்...!' என்று ஒரு குரல். எழுந்து ஓடினேன். கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான்.

"யாருப்பா?" என்றேன். நானும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

"நீயே பாரு. கேட்டுத் தெரிஞ்சுக்கிறதா படம்?"

மறுநாள் காலை காபியோடு டைரியையும் நீட்டினார். இரண்டு ஃபால்டுக்கும் எதிரே 'சரி செய்யப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். 'காரணம்' என்ற கட்டத்தில், முதலாவதற்கு 'மைக்ரோவேவ்' என்றும், இரண்டாவதற்கு 'பிரின்டர்' என்றும் இருந்தது. இரண்டாவதில் அவர் என் பெயரை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது: 'சந்தாதாரர் கையெழுத்து'.

"போடுடா. இது இல்லாம டாக்கெட்டை மூட முடியாது."

போட்டேன். அதற்கு மேலே, கொஞ்சம் யோசித்து, ஒரு வரி எழுதினேன்: 'தடங்கலுக்கு வருந்துகிறேன்.'

அப்பா கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிப் படித்தார். "சரி, சரி. அடுத்த படம் போடு" என்றார்.